கந்தையைக் கசக்கிய பிறகு

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், நடுவிலே ஒரு சங்கதி விட்டுப்போயிருப்பது தெரியும். கசக்குவதற்கும் கட்டுவதற்கும் இடையில் உலர்த்துவது என்று ஒரு காரியம் இருக்கிறதல்லவா? அதைப் பற்றிப் பழமொழி மூச்சே விடவில்லை.

இதைச் சொன்ன மகானுபாவர் அநேகமாகப் பங்குனி, சித்திரையில் சொல்லியிருக்க வேண்டும். தஞ்சாவூர்ச் சீமையில் அந்த மாதங்களில் வேஷ்டியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது அப்பளமாகிவிடும். உலர்த்துவது ஒரு வேலை என்றே தோன்றாது. ஐப்பசி, கார்த்திகையில் சொல்லியிருந்தாரானால் பழமொழி இன்னும் ஒரு முழம் நீண்டிருக்கும்.

ஐப்பசி அடைமழையில் நான்கு நாட்கள் ஒரு மோட்டார் வண்டியில் குடித்தனம் பண்ணியபோது இந்த யோசனையெல்லாம் வந்தது. என் தம்பி பிள்ளை அமெரிக்காவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அங்கே அவனும் அவன் மனைவியும் விடுமுறை வந்தால் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். அந்த ருசி விடவில்லை. சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகிறார்களே, கேரவன், அந்த ஜாதியில் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டு, நவக்கிரக ஸ்தலங்களைத் தரிசிக்கிறேன் பேர்வழி என்று கும்பகோணத்துக்கு வந்தான். “நீங்களும் வாங்கோ பெரியப்பா. படுக்க இடம் இருக்கு” என்று என்னையும் ஏற்றிக்கொண்டான்.

படுக்க மட்டுமா? சமைக்க மேடை, குளிர்ப் பெட்டி, ஸ்நான அறை எல்லாம் இருந்தன. சமையல் மேடைக்குக் கீழே வட்டமான கண்ணாடிக் கண்ணோடு ஒரு யந்திரம் உட்கார்ந்திருந்தது. துணி துவைக்கிற யந்திரத்தை இப்போது பார்க்காதவர்கள் யார்? ஆனால் இது துவைத்த துணியை வெளியே எடுக்காமலே, அதே வயிற்றுக்குள் உலர்த்தியும் கொடுக்குமாம். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே பெட்டியில்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். யந்திர சாஸ்திரம் தெரியாது. ஆனாலும் தம்பி பிள்ளை சொன்னது எனக்குப் புரிந்தது. துவைத்து முடிந்ததும் துணியை வேகமாகச் சுழற்றி முடிந்த மட்டும் தண்ணீரைப் பிழிந்துவிடுகிறது. பிறகு காற்றைச் சூடுபண்ணித் துணிகளின் ஊடே விடுகிறது. சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு ஒரு குளிர்ந்த இடத்தில் போய்ப் படுகிறது. சோற்றுப் பானையின் மூடியில் நீர் முத்து முத்தாக நிற்கிறதே, அது போல ஈரம் அங்கே தண்ணீராகி வடிந்துவிடுகிறது. காற்று மறுபடி சூடேறித் துணிக்கு வருகிறது. புகைபோக்கி மாதிரி வெளியே துவாரம் எதுவும் வேண்டாம். இப்படித் துவைப்பதையும் உலர்த்துவதையும் சேர்த்து ஒரே யந்திரமாக அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி 1953-லேயே விற்க ஆரம்பித்துவிட்டதாம். அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

யந்திரத்தின் நெற்றியில் ‘துவைக்க 8 கிலோ, உலர்த்த 5 கிலோ’ என்று எழுதியிருந்தது. எட்டுக் கிலோ துவைக்கிற வயிறு ஐந்துக்கு மேல் உலர்த்தாதாம்.

“ஏண்டா, அதே வயிறுதானே? மூன்று கிலோவுக்கு என்ன வந்தது?” என்றேன்.

“தண்ணியிலே ஊறித் துவைக்கறதுக்கு நெருக்கிப் போட்டாலும் பாதகமில்லே. உலரணும்னா துணி புரளணும், நடுவிலே காத்துப் போகணும். அதுக்கு இடம் வேணும் பெரியப்பா. துவைக்கிறது பெரிய வித்தை இல்லே. உலர்த்தறதுதான் கஷ்டம்” என்றான்.

அது கஷ்டப்பட்டதை நானும் பார்த்தேன். காலையில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் துணியைப் போட்டார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்த பிறகும் அது உறுமிக்கொண்டிருந்தது. துவைத்தது ஒரு மணி நேரம். உலர்த்தியது மூன்றரை மணி நேரம். மின்சாரம் மூன்று யூனிட்டுக்கு மேல் என்று சுவரிலிருந்த மானி காட்டிற்று. அதில் பெரும் பங்கு உலர்த்துவதற்குத்தான்.

மின்சாரத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அந்த வண்டியில் கட்டுப்பாடு அதிகம். தரைக்கு அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் இருநூறு லிட்டர் நல்ல தண்ணீர்; இன்னொன்று குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் போய்ச் சேருகிற தொட்டி. ஒரு முறை துவைக்க ஐம்பது லிட்டர் போய்விட்டால், மீதியில்தான் நான்கு பேர் பாடு. தம்பி பிள்ளையின் மனைவி ஆளுக்கு இத்தனை குவளை என்று எண்ணிக் கொடுத்தாள். அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதைக் கொட்டுவதற்கு இடம் தேட வேண்டும். கோயில் வீதியில் திறந்துவிட முடியுமா?

குவளையை வாங்கிக்கொண்டு நிற்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது குடமுருட்டிக் கரையில். 1934-ல் மேட்டூர் அணை கட்டிய பிறகு ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்று ஒரு முறை ஏற்பட்டது. திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் படித்துறைக்கு வந்ததும் பெண்டுகள் அழுக்கு மூட்டையோடு இறங்குவார்கள். ஒரு புடவையை அலச எத்தனை லிட்டர் என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் ஏர்வாடிக்கு அனுப்பியிருப்பார்கள். கோடையில் ஆறு வற்றினாலும் மணலில் ஊற்றுப் பறித்தால் தண்ணீர். துவைத்ததை அந்த மணலிலேயே விரித்தால் உலர்ந்தும் போகும். இன்று அந்த நதியையே அளந்து வாங்குகிறோம். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,831 கோடி லிட்டர். தம்பி பிள்ளையின் மனைவி குவளையில் எண்ணியதும், நீதிபதிகள் டி.எம்.சி.யில் எண்ணியதும் ஒரே கணக்கின் இரண்டு ஓரங்கள்.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும் அந்த நாளிலும் இருந்தது. நாங்கள் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை. ஆற்றின் போக்கில் மேலே அக்கிரகாரத்துப் படித்துறை. அதற்குக் கீழே குடியானவர் துறை. அதற்கும் கீழே வண்ணார் துறை. அதையும் தாண்டித்தான் சேரிக்காரர்கள் இறங்க வேண்டும். எங்கள் அழுக்கு போய்ச் சேருகிற இடத்தில் நாலு குடம் குடிதண்ணீரும் எடுக்கப்பட்டது. வண்டியில் இருந்தால் தொட்டி நிரம்பியது என்று ஒரு சிவப்பு விளக்காவது எரிந்திருக்கும்.

உலர்த்துகிற கதைக்கு வருகிறேன். மூன்று யூனிட் கணக்கு என்னை உறுத்திக்கொண்டிருந்ததால், இரவு படுக்கையில் தம்பி பிள்ளையிடம் அதைப் பற்றி விசாரித்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சக்தி வேண்டும், சரியாகச் சொன்னால் 0.67 யூனிட், என்றான். அடுப்பு வைத்தாலும் வேண்டும், வெயிலில் போட்டாலும் வேண்டும். இதில் தள்ளுபடி கிடையாது. எங்கேயிருந்தாவது அந்தச் சூடு வந்து ஈரத்துக்குக் கொடுத்தால்தான் ஈரம் போகும். வெயில் நாளில் சூரியன் கொடுத்துவிடுகிறது. உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்று வாரி இறைக்கிறது. ஒன்பது கெஜப் புடவையை நன்றாக விரித்தால் ஒன்பது சதுர மீட்டர் இருக்கும். அதாவது அந்த யந்திரத்தைப் போல நாலைந்து யந்திரங்கள் சேர்ந்து மூச்சுப் பிடித்துக் கொடுக்கிற சூட்டை, ஒரு புடவைக்குச் சூரிய பகவான் கட்டணமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கொடி வேண்டும், இரண்டு கம்பம் வேண்டும், அவ்வளவுதான் முதலீடு.

ஐப்பசியில் அவன் கடையைக் கட்டிவிடுகிறான். தஞ்சாவூர் ஜில்லாவின் வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடும். முற்றத்துக் கொடி தாழ்வாரத்துக்கு வரும். தாழ்வாரத்திலிருந்து கூடத்துக்கு வரும். ஊஞ்சல் சங்கிலி, ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு எல்லாவற்றிலும் ஈரத் துணி. வீடு முழுவதும் ஒரு முடை நாற்றம். கைக்குழந்தை இருக்கிற வீடுகளில், குமுட்டி அடுப்பில் தணல் போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குழந்தையின் துணியைப் போர்த்துவார்கள். ஒரு சிட்டிகை சாம்பிராணியும் தூவுவார்கள். துணி மொறமொறவென்று காய்ந்து வாசனையாக வரும். அமெரிக்கக் கம்பெனிக்காரனுக்கு முன்னாலேயே நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்த யந்திரம் அது. ஆனால் அதுவும் குழந்தைத் துணிக்குத்தான் தாங்கும். பெரியவர்கள் துணிக்கு அத்தனை கரி யார் வாங்குவது?

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். பதிமூன்று வயதில் கையிலிருந்த வளையலைக் கழற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள்தான் சமையல். மடி. விடியற்காலை ஆற்றில் முழுகி, முதல் நாள் உலர்த்திய புடவையை மடிக்கோலால் உயரக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அந்தக் கொடியின் பக்கம் நாங்கள் யாரும் போகக் கூடாது. அவளுக்கு இருந்தவை இரண்டு வெள்ளைப் புடவைகள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

அடைமழையில் கொடியில் இருக்கிறது உலராது. விழுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்ட முடியாது. ஆகவே அத்தை ஈரத்தையே கட்டிக்கொள்வாள். கேட்டால், “ஈரம்தாண்டா பரம மடி” என்று சிரிப்பாள். பத்து மணிக்குள் புடவை உலர்ந்திருக்கும். அடுப்புச் சூட்டில் உலர்ந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். 1953-ல் எனக்கு எட்டு வயது. எதிரே உட்கார்ந்து தோசைக்குக் காத்திருக்கிற எனக்கு, அவள் முதுகுப் பக்கத்துப் புடவை ஒட்டிக்கொண்டிருப்பதும், தோள் எலும்பு அதற்குள்ளே நடுங்குவதும் தெரியும். அடுப்பு முன்பக்கத்துக்குத்தானே சூடு கொடுக்கும்?

தம்பி பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவன் அத்தையைப் பார்த்ததில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கையால பிழிஞ்ச ஒன்பது கெஜத்திலே முக்கால் லிட்டர் தண்ணியாவது நிக்கும்” என்றான். பிறகு மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, “அதை ஆவியாக்க நானூத்து முப்பது கலோரி. கொஞ்சம் அடுப்பு கொடுத்திருக்கும், கொஞ்சம் காத்து கொடுத்திருக்கும். பாக்கி அவ உடம்புதான் கொடுத்திருக்கணும்” என்றான்.

நானூற்று முப்பது கலோரி என்றால் எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு வேளைச் சாப்பாடு” என்றான்.

அத்தை சாப்பிட்டதே ஒரு வேளை. ராத்திரிக்கு இரண்டு வாழைப்பழம், ஏகாதசிக்கு அதுவும் கிடையாது. கார்த்திகையில் பிடிக்கிற சளி மார்கழி முடியத்தான் போகும். ஒரு வருஷம் தை பிறந்தும் போகவில்லை. மாசியில் அவளே போய்விட்டாள். வைத்தியர் கபம் என்றார். அது சரிதான். கபம் எங்கேயிருந்து வந்தது என்று அவர் எழுதிவைக்கவில்லை.

இதே மாதங்களில் ஊர்க்கோடியில் இன்னொரு வீட்டிலும் இந்தப் பாடுதான். எங்கள் ஊர் வண்ணாருக்கு அப்போது அறுபது வயதுக்குக் குறையாது. எட்டு வயதுப் பையன்கள்கூட அவரைப் பெயர் சொல்லி, ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஊர் வழக்கம். துணியில் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி போடுவார். பத்து வருஷம் துவைத்தாலும் அந்தக் குறி போகாது. எழுத்து வாசனை இல்லாமலே நாற்பது வீட்டுத் துணியையும் மாறாமல் திருப்பிக் கொடுப்பார். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியைத் தோய்த்து, பெரிய பானையின் வாயில் கோபுரம் போல அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவி வைப்பார். விடிந்ததும் துறையில் கல்லின்மேல் அடிக்கிற சத்தம் ஊருக்கெல்லாம் கேட்கும். இவ்வளவுக்கும் கூலி, அந்தியில் வீடு வீடாகக் கிடைக்கிற சோறும், அறுவடையில் களத்தில் கிடைக்கிற நெல்லும்.

துவைப்பது அவர் கையில் இருந்தது. உலர்த்துவது அவர் கையில் இல்லை. தீபாவளியும் திருக்கார்த்திகையும் இந்த மழையில்தான் வரும். எல்லோருக்கும் வெளுத்த துணி வேண்டும். அவர் வீடு ஒற்றை அறைக் குடிசை. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அடுப்பை அணையாமல் எரித்து, ஊரார் துணியை உலர்த்துவார். அவர் பிள்ளைகள் அந்த ஈரத்துக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். துணியில் புகை நாற்றம் ஏறாமல் இருக்குமா? “துவைத்துக் கொண்டுவந்தாயா, புகை போட்டுக் கொண்டுவந்தாயா?” என்று திண்ணையிலிருந்து கேட்பார்கள். களத்தில் நெல் அளக்கும்போது அந்த நாற்றத்தை ஞாபகப்படுத்துகிற மிராசுதார்களும் உண்டு. அவருடைய பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை. நல்ல காரியம் செய்தார்கள். இப்போது அந்தத் துறையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது.

உலர்த்துவதில் இருக்கிற இந்தப் பயத்தைத் தமிழில் ஒருவர் எழுதாமல் விடவில்லை. சேக்கிழார் எழுதியிருக்கிறார். அறுபத்து மூவரில் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்து வண்ணார். சிவனடியார்கள் துணியைத் துவைத்துக் கொடுப்பதே அவருக்குப் பூஜை. குளிர் காலத்தில் ஒரு கிழவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தர வேண்டும், இல்லாவிட்டால் இந்த உடம்பு குளிர் தாங்காது என்கிறார். துவைத்தாகிவிட்டது, உலர்த்தப் போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. மாலையும் வந்துவிட்டது. தொண்டர் தாம் துணி துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார். பாறையிலிருந்து இறைவனுடைய கை வந்து தடுத்துவிடுகிறது.

சிறு வயதில் கதாகாலட்சேபத்தில் இதைக் கேட்டபோது, துணி உலராததற்காக ஒரு மனிதன் தலையை உடைத்துக்கொள்வானா என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஈரத் துணியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர் நடுங்குவார் என்று அந்தத் தொண்டருக்குத் தெரிந்திருக்கிறது. புராணத்தில் பாறைக்குள்ளிருந்து கை வந்தது. எங்கள் ஊர்த் துறைக் கல்லிலிருந்து யாருக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டி சூரியனார்கோயிலுக்குப் போயிற்று. சூரியன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அவன் கோயிலுக்குப் போனோம். உள்ளே பகவான் கிரகங்கள் சூழ எழுந்தருளியிருக்கிறார். வெளியே இரண்டு நாளாக வானம் பிளந்துகொண்டு ஊற்றுகிறது. வண்டிகள் நிற்கிற இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஆந்திரப் பக்கத்து யாத்திரைப் பஸ் ஒன்று நின்றிருந்தது. இந்த மாதிரிப் பஸ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்பது பேர், பத்து நாள், கூரைமேல் பாத்திரமும் அரிசி மூட்டையும். கோயிலுக்குக் கோயில் ஸ்நானம். ஸ்நானத்துக்கு ஸ்நானம் ஈரப் புடவை. நல்ல நாளாக இருந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் புடவை கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டு, தேர் மாதிரி போவார்கள். அன்றைக்கு ஜன்னலெல்லாம் மூடி, உள்ளே இரண்டு பக்கத்துக் கம்பிகளுக்கும் நடுவே கயிறு கட்டி, புடவைகளுக்கு அடியில் ஜனங்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் தேசத்துக் கேரவன் அதுதான்.

டீக்கடைத் தாழ்வாரத்தில் அந்தப் பஸ்ஸைச் சேர்ந்த ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயது இருக்கும். உடம்போடு ஒட்டிய ஈரப் புடவை; கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள்ளே இன்னொரு ஈரப் புடவை. பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. தம்பி பிள்ளையின் மனைவி வண்டி ஜன்னல் வழியாக இதைப் பார்த்தாள். இரவு நாங்கள் பேசியதை அவளும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

அவளுக்குத் தெலுங்கு தெரியாது. எனக்குத் தெரிந்தது தியாகையர் கீர்த்தனைத் தெலுங்கு. அதை வைத்துக்கொண்டு ராமனிடம் முறையிடலாம். ஒரு பெரியம்மாளிடம் புடவை கேட்க முடியாது. கையாலும் வாயாலும் ஒருவாறு விளக்கினோம். கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மடியா?”

அந்த வார்த்தை இரண்டு பாஷைக்கும் பொது. நான் விழித்தேன். தம்பி பிள்ளையின் மனைவி, “நாற்பது நிமிஷம் சூட்டிலே இருக்கும், ஒருத்தர் கையும் படாது, நீங்களே போட்டு நீங்களே எடுத்துக்கலாம்னு சொல்லுங்கோ பெரியப்பா” என்றாள். என் தெலுங்கில் இதில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. கிழவி அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறி, தன் கையாலேயே பையிலிருந்த புடவையை யந்திரத்துக்குள் வைத்தாள்.

உலர்த்துகிற சூட்டுக்கு வண்டியின் மின்கலம் போதாது. டீக்கடைக்காரர் தம் கடையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயந்தானே? கிழவி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தன் புடவை புரள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்பது நிமிஷம் என்று சொன்னது ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. கதவு திறந்ததும் வெதுவெதுவென்று இருந்த புடவையை வாரி எடுத்துக் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஸ்நான அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தவள், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அவள் பின்னால் பஸ் முழுவதும் வந்தது.

நாற்பது பேருக்கு ஒரு யந்திரம். அதுவும் ஐந்து கிலோ. ஒவ்வொரு தவணைக்கும் மூன்று மணி நேரம். எல்லோர் துணியையும் உலர்த்துவதென்றால் நாங்கள் அடுத்த அமாவாசை வரை சூரியனார்கோயிலிலேயே இருக்க வேண்டியதுதான். தம்பி பிள்ளையின் மனைவி திகைத்துப்போனாள். யாருக்கு ‘ஆகட்டும்’ என்பது, யாருக்கு ‘இல்லை’ என்பது? அந்தச் சங்கடத்தை அவளுக்கு அவர்கள் வைக்கவில்லை. பெண்டுகள் தங்களுக்குள் நாலு வார்த்தை பேசிக்கொண்டு, மூட்டையைப் பிரித்துத் தாங்களே பொறுக்கினார்கள். ஜுரமாகப் படுத்திருந்த ஒருத்தியின் புடவை. இரண்டு குழந்தைகளின் சட்டை. மூன்று கிழவிகளின் புடவை. இன்னொரு பெண் தன்னுடையதையும் வைக்கப் போனாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைத் தட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொண்டாள்.

இரவு பத்து மணி வரைக்கும் யந்திரம் ஓடியது. எங்கள் துணிகளுக்கு அன்று முறை வரவில்லை. மறுநாள் கஞ்சனூருக்குப் போகையில் வானம் வெளிவாங்கியது. முன்னால் போன அந்தப் பஸ்ஸின் ஜன்னல்களில் பச்சையும் மஞ்சளுமாகப் புடவைகள் பறந்தன. தம்பி பிள்ளையின் மனைவியும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஏணிக்கும் ஒரு பூவரச மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிவிட்டாள். யந்திரத்தை அவள் திறக்கவே இல்லை.

அவள் செய்தது சரி. வெயில் எரிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு மூன்று யூனிட்டைச் செலவழித்து வேஷ்டி உலர்த்துவதைப் போல அசட்டுத்தனம் வேறு இல்லை. பட்டணத்து மாடி வீடுகளில் கொடி கட்ட இடமில்லை, பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று சங்கத்தார் ஆட்சேபிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். துணி தொங்குவதில் என்ன அழகு கெடுகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

ஆனால் மழைக் காலத்தில் இந்த யந்திரத்தைப் பரிகாசம் பண்ண எனக்கு இனிமேல் மனம் வராது. அது மின்சாரத்தைக் குடிக்கிறது என்கிறார்கள். ஈரம் எப்போதும் எதையாவது குடித்துக்கொண்டுதான் போகும். எங்கள் வீட்டில் அது ஒரு மனுஷியின் ஒருவேளைச் சோற்றைத் தினமும் குடித்துக்கொண்டு போயிற்று. அதற்கு மானி கிடையாது, ரசீது கிடையாது.

துவைத்து உலர்த்துகிற யந்திரங்கள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் வந்துவிட்டன. வாங்குகிற சக்தி உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் நனைந்துகொண்டு வருவாள். வந்ததும் புடவைத் தலைப்பைப் பிழிந்து செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுவாள். பத்து மணிக்குள் அந்தப் புடவை உலர்ந்திருக்கும். அது எப்படி உலர்ந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். ஒரு பழைய புடவையை மாற்றிக்கொள்ளக் கொடுத்து, நனைந்ததை வாங்கி யந்திரத்தில் போடுங்கள். உங்கள் துணி கொஞ்சம் காத்திருக்கட்டும்.